பாவமும் வேண்டாம், வரமும் வேண்டாம்

ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் ஐந்து வயதுவரை பேசவில்லையாம். பெற்றோர் பிள்ளையைத் திருச்செந்தூருக்குத் தூக்கிக்கொண்டு போய்ச் சந்நிதியில் விரதம் கிடந்தார்கள். முருகன் அருளால் வாய் திறந்தவர், முதல் பேச்சாகவே கந்தர் கலிவெண்பாவைப் பாடிவிட்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. 17ஆம் நூற்றாண்டுச் சங்கதி. இன்றைக்கு மூன்று வயதாகியும் பேசாத பிள்ளையோடு தமிழ்நாட்டில் பஸ் ஏறும் எந்தத் தாயையும் கேட்டுப் பாருங்கள், இந்தக் கதையை அவருக்குப் பத்துப் பேராவது சொல்லியிருப்பார்கள். கூடவே ஒரு கிளைக்கதையும் வரும்: "இவங்க தாத்தாகூட அஞ்சு வயசுலதான் வாயத் தொறந்தாரு."

ஆறுதலுக்குச் சொல்வதுதான், குற்றமில்லை. ஆனால் பிள்ளைக்குப் பயிற்சி எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு பலன் என்று குழந்தை மருத்துவர்கள் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லும் காலம், சரியாக அந்த முதல் ஐந்து வருஷம்தான். சீர்காழிக்குப் பக்கத்தில் திருக்கோலக்காவில் ஓசை கொடுத்த நாயகி இருக்கிறாள். பேச்சு வராத பிள்ளைகளை அங்கே கூட்டிப்போவது வழக்கம். அந்த அம்மனிடம் வேண்டிக்கொள்வதும் ஸ்பீச் தெரபிக்குப் போவதும் ஒன்றுக்கொன்று பகையில்லை. வியாழக்கிழமை தெரபி, வெள்ளிக்கிழமை கோயில் என்று நடத்துகிற குடும்பங்கள் ஏராளம். வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் போகிறவர்களும் அப்படித்தான். சிக்கல் சந்நிதியில் இல்லை. போகிற வழியில் யாராவது ஒருவர் பெருமூச்சோடு கேட்கும் கேள்வியில் இருக்கிறது: "போன ஜென்மத்துல யாரு என்ன பாவம் பண்ணினீங்களோ?"

கேள்வியில் 'யாரு' என்று பொதுவாகத்தான் இருக்கும். வீட்டுக்குள் வந்ததும் அது சுருங்கிவிடும். "எங்க பக்கத்துல யாருக்கும் இப்படி இல்லையே" என்று மாமியார் வீட்டில் ஒரு குரல் கேட்டால் போதும், விசாரணை தாயை நோக்கித் திரும்பிவிட்டது என்று அர்த்தம். வயிற்றில் இருக்கும்போது என்ன சாப்பிட்டாள்? கிரகணத்தன்று வெளியே வந்தாளா? வேலைக்குப் போகிற பெண்ணாக இருந்தால் குற்றப்பத்திரிகையில் கூடுதலாக ஒரு வரி: "மாசம் முழுக்க கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தா வேற என்ன ஆகும்?" தகப்பனிடம் யாரும் இப்படிக் கேட்டதாகத் தெரியவில்லை.

பழைய கேள்விதான். சோழன் நலங்கிள்ளிக்கு உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடிய புறநானூற்றின் 28ஆம் பாட்டு, மனிதப் பிறவியில் எட்டு வகைக் குறைகளை வரிசையாகச் சொல்லி அப்பிறவிகளால் பயனில்லை என்கிறது. கூன், குருடு, செவிடு இல்லாமல் பிறப்பது அரிது என்று ஔவை முருகனுக்குச் சொன்னதாக வரும் பாட்டைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் ஒப்பித்திருக்கிறோம். நம் நாட்டின் 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டது. 2016இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசம், தலசீமியா, தசைச்சிதைவு உட்பட 21 என்றது. எண்ணிக்கை மாறிக்கொண்டே வந்தாலும் 'யார் பாவம்' என்பது மட்டும் உரை மாறாமல் அப்படியே நிற்கிறது.

கன்மக் கோட்பாட்டை அதன் சொந்த விதிகளின்படியே பார்த்தால் இந்தக் கேள்வி நிற்காது. சைவ சித்தாந்தம் வினையை மூன்றாகப் பிரிக்கிறது: சேர்த்துவைத்த சஞ்சிதம், அதிலிருந்து இந்தப் பிறவிக்கு அளந்து கொடுக்கப்பட்ட பிராரத்தம், இப்போது புதிதாகச் செய்து ஏற்றிக்கொள்ளும் ஆகாமியம். வினை செய்த உயிருக்கே அதன் பயன் என்பதுதான் கணக்கு. அம்மா செய்த பாவம் பிள்ளையின் நரம்பில் போய் உட்கார்ந்தது என்று சொல்கிறவர் கன்மக் கொள்கையைப் பேசவில்லை, ஊர் வம்பைப் பேசுகிறார். தன் நடத்தையைத் தானே பார்த்துக்கொள்வதற்காக முன்னோர் செய்து வைத்த கண்ணாடி அந்தக் கொள்கை. அதைக் கழற்றி அடுத்த வீட்டுக்காரியை அடிக்கும் கழியாக்கிக்கொண்டது நம் சாமர்த்தியம்.

புத்தர் இன்னும் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். மனிதர் அனுபவிக்கும் இன்ப துன்பம் எல்லாமே முன்வினைதான் என்கிறார்களே, சரியா என்று மோலிய சீவகர் என்ற துறவி கேட்டதாகப் பாலி நூலான சம்யுத்த நிகாயத்தில் ஒரு சூத்திரம் உண்டு. புத்தர் காரணங்களை எண்ணிக்கொண்டு போகிறார். பித்தம், கபம், வாதம், மூன்றும் கூடிக் கெடுவது, பருவ மாற்றம், உடம்பைச் சரியாகப் பேணாதது, வெளியிலிருந்து வரும் தாக்குதல், எட்டாவதாகத்தான் வினை. எட்டில் ஒன்று! எல்லாம் வினையே என்பவர்கள் உலகம் கண்கூடாக அறிந்ததை மீறிப் பேசுகிறார்கள் என்பது அவர் தீர்ப்பு.

யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில் பிறவிக் குருடன் ஒருவனைப் பார்த்துச் சீடர்கள் கேட்பதும் நம் ஊர்க் கேள்விதான், பாவம் இவனுடையதா, பெற்றவர்களுடையதா என்று. இருவருடையதும் இல்லை என்கிறார் இயேசு. குர்ஆனின் 80ஆம் அத்தியாயம், தேடி வந்த பார்வையற்ற ஒருவரைக் கண்டு நபிகள் முகம் சுளித்ததைக் கண்டித்துத் தொடங்குகிறது. குறைபாட்டுக்குக் காரணம் கேட்காமல், எதிரில் நின்றவரின் முகத்தை விசாரித்த வேதம் அது. நம் மகாபாரதத்து அஷ்டாவக்கிரர் கதையிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. வயிற்றிலிருந்தபடியே தன் வேத உச்சரிப்பைத் திருத்திய பிள்ளையை, எட்டுக் கோணலாகப் பிறக்கும்படி சபித்தது தகப்பன்தான். தாய் மேல் பழி போடாத அபூர்வமான கதை. ஏனோ அதை மட்டும் யாரும் உதாரணம் காட்டுவதில்லை.

திருக்குறளின் 618ஆம் குறளில் 'பொறி' என்று ஒரு சொல். அது இல்லாமற்போவது எவருக்கும் இழுக்காகாது, அறியவேண்டியதை அறிந்து முயலாமலிருப்பதே இழுக்கு என்பது கருத்து. பரிமேலழகர் அந்தப் பொறிக்கு விதி என்று உரை சொன்னார். உடலுறுப்பு என்று பொருள் கொண்டவர்களும் இருக்கிறார்கள். எது சரி என்று தமிழாசிரியர்கள் வாதாடட்டும். பிள்ளையை இடுப்பில் வைத்திருக்கும் தாய்க்கு எந்த உரையும் சம்மதமே. விதி கூடிவராவிட்டாலும் பழியில்லை, உறுப்பு கூடிவராவிட்டாலும் பழியில்லை.

இப்படிச் சொன்னவுடன் மதத்தைவிட அறிவியல் உயர்த்தி என்று யாரும் துள்ள வேண்டாம். ஆட்டிசத்தை 1943இல் பதினொரு பிள்ளைகளின் குறிப்போடு முதன்முதலில் விவரித்த லியோ கானர், அந்தப் பெற்றோரிடம் அன்பின் சூடு குறைவு என்றும் எழுதினார். 'குளிர்பதனப் பெட்டித் தாய்' என்று ஒரு பட்டமே அமெரிக்காவில் புழங்கியது. சிகாகோவில் புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் ஒரு தடித்த புத்தகம் எழுதி, தாயின் விலக்கமே பிள்ளையை இப்படி ஆக்கியது என்று சாதித்தார். முன்ஜென்மத்துக்குப் பதில் முன்பருவம், சோதிடருக்குப் பதில் உளப்பகுப்பாளர், குற்றவாளிக் கூண்டில் மட்டும் அதே பெண். அந்தக் கதையை உடைத்தவர் பெர்னார்ட் ரிம்லேண்ட். அமெரிக்கக் கடற்படையில் உளவியலாளராகச் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டு, வீட்டில் ஆட்டிசமுள்ள மகனை வளர்த்தவர். ஆராய்ச்சிகளையெல்லாம் தேடிப் படித்து, இது நரம்பு மண்டலத்தின் விஷயம், வளர்ப்பின் பிழையில்லை என்று 1964இல் நூல் வெளியிட்டார். 1969இல் பெற்றோர் கூட்டமொன்றில் கானரே எழுந்து, உங்கள் மீது குற்றமில்லை என்று அறிவித்தார். இடையில் 26 ஆண்டுகள் போயிருந்தன.

'ஏன்' என்று கேட்பதே தப்பு என்று இதற்குப் பொருளில்லை. 'யார் பாவம்' என்பது ஒரு ஏன். 'எதனால்' என்பது இன்னொரு ஏன். இந்த இரண்டாவதைக் கேட்ட ஒரு தாயின் கதை தமிழில் அதிகம் சொல்லப்படவில்லை. நார்வே நாட்டில் போர்க்னி எகெலாண்ட் என்ற பெண்ணுக்கு இரண்டு பிள்ளைகள், இரண்டு பேருக்கும் அறிவு வளர்ச்சியில்லை. பிள்ளைகளின் மேல் விநோதமான ஒரு வாடை அடிப்பதை அவர் கவனித்தார். மருத்துவர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை, அவரும் விடுவதாக இல்லை. கடைசியில் 1934இல் அஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற மருத்துவர் அந்தப் பிள்ளைகளின் சிறுநீரைச் சோதித்தார். சாதாரணமாகச் செய்யும் ஒரு சோதனையில், எதிர்பாராத விதமாக அது பச்சை நிறமாக மாறியது. பல வாரம் உட்கார்ந்து அவர் பிரித்தறிந்ததுதான் பினைல்கீட்டோன்யூரியா, சுருக்கமாகப் பி.கே.யு. புரதத்திலுள்ள ஒரு பொருளை உடம்பால் கையாள முடியாத மரபணுக் குறை. பிறந்தவுடன் கண்டுபிடித்து உணவைத் திட்டமிட்டால் மூளை பாதிக்கப்படாது. பின்னாளில் குழந்தையின் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து அதைக் கண்டறியும் வழியை வகுத்த ராபர்ட் கத்ரீயும் அறிவுசார் குறைபாடுள்ள ஒரு மகனின் தகப்பன்.

அந்தச் சோதனை வருவதற்கு முன் பிறந்தவள் எழுத்தாளர் பெர்ல் பக்கின் மகள். 1920இல் சீனாவில் பிறந்தாள். பிள்ளை ஏன் மற்றவர்களைப் போல வளரவில்லை என்று ஊர் ஊராக மருத்துவர்களைப் பார்த்து ஓய்ந்த பெர்ல் பக், அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தின் வைன்லாண்ட் பயிற்சிப் பள்ளியில் மகளைச் சேர்த்தார். அதற்குப் பணம் வேண்டும், ஆகவே எழுதினார். 1931இல் வந்த 'தி குட் எர்த்' நாவலுக்குப் பின்னால் சீனத்து விவசாயி இருக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு விடுதிக் கட்டணமும் இருந்தது. 1938இல் நோபல் பரிசு வாங்கியவர், மகளைப் பற்றி வெளிப்படையாக எழுதத் துணிந்தது 1950இல். முப்பது வருஷம் மறைத்துவைக்க வேண்டியிருந்த வேதனை அது. மகளுக்கு வந்தது பி.கே.யு. என்பது அதற்கும் பிறகே தெரிந்தது.

நம் பக்கத்தில் 'யார் பாவம்' என்பதற்கும் 'எதனால்' என்பதற்கும் உள்ள இந்த வேறுபாட்டுக்கு ஒரு நடைமுறை விலையும் உண்டு. மாமன் மகள், அக்காள் மகள் என்று சொந்தத்தில் கட்டுவது தமிழ்நாட்டில் இன்னும் சாதாரணம். நெருங்கிய உறவில் மணம் செய்தால் சிலவகை மரபணு நோய்கள் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு கூடும். முதல் பிள்ளைக்கு 'பாவம்' என்று பதில் சொல்லிப் பரிகாரத்துக்கு அனுப்பிய குடும்பம், இரண்டாவது பிள்ளைக்கு முன் மரபணு ஆலோசனை என்று ஒன்று இருப்பதையே கேள்விப்படாமல் போகிறது.

ஆக, பாவம் என்ற பதிலை ஒதுக்கிவிடலாம். அதைவிடச் சிக்கலானது அடுத்த பதில்.

"தாங்கிக்கிற சக்தி இருக்கிறவங்களுக்குத்தான் கடவுள் இப்படிக் குழந்தையைக் குடுப்பார்." "இவன் தெய்வக் குழந்தை." "நீ மனுஷியே இல்லம்மா, தெய்வம்." படித்தவர்கள் இந்தப் பக்கம்தான் நிற்பார்கள். பாவம் என்று சொல்ல நாக்கு கூசும், வரம் என்றால் நாக்குக்கும் இதம், கேட்பவருக்கும் இதம் என்று நினைப்பு. கேட்கிறவர் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். தெரபி சென்டர் வராந்தாவில் போய் உட்கார்ந்து பார்த்தால்தான் அந்தச் சிரிப்பின் எடை தெரியும்.

அந்த வராந்தா எல்லா ஊரிலும் ஒரே மாதிரி. நீளமான பெஞ்சு, கழற்றிப் போட்ட குட்டிக் குட்டிச் செருப்புகள், உள்ளேயிருந்து ஏதாவது ஒரு பிள்ளையின் வீறிடல். உள்ளே நாற்பத்தைந்து நிமிடம் ஆக்குபேஷனல் தெரபி நடக்கும். வெளியே ஒரு தாய் மடியில் லேப்டாப்பை விரித்து, காதில் ஒயரோடு ஆபீஸ் மீட்டிங்கில் இருப்பார். தன் முறை வரும்போது மட்டும் மைக்கைத் திறப்பார், உள்ளே சத்தம் கூடினால் மூடிவிடுவார். பக்கத்தில் அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்த எக்ஸ்போர்ட் கம்பெனித் தொழிலாளி. இன்னொருவர் உட்கார்ந்த வாக்கில் சுவரில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருப்பார். அவரை யாரும் எழுப்ப மாட்டார்கள், பிள்ளை வெளியே வந்தாலும் இன்னொரு தாய் அவன் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். ராத்திரி பிள்ளை இரண்டு மணிக்கு எழுந்துவிட்டான் என்பது அங்கே விளக்கிச் சொல்ல வேண்டாத செய்தி. அன்று வேலைக்கும் போகவேண்டும், சமைக்கவும் வேண்டும், ஸ்பெஷல் ஸ்கூல் வேன் வரும்முன் ஷூவுக்குள் அந்தக் காலை நுழைத்தாகவும் வேண்டும்.

தெய்வத்துக்குத் தூக்கம் தேவையில்லை. தெய்வத்துக்குக் கோபம் வந்து பிள்ளையை ஓர் அடி அடித்துவிட்டுப் பாத்ரூமில் போய் அழ அனுமதி இல்லை. தெய்வத்துக்கு மாற்று ஆள் தேடவேண்டிய அவசியமும் இல்லை. ஒரு பெண்ணைப் பீடத்தில் ஏற்றிவிட்டால் கீழே நிற்பவர்களுக்கு வேலை மிச்சம். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். பாவி என்று சொன்னவர் அவளை ஒதுக்கிவைத்தார். தெய்வம் என்று சொன்னவரும் ஒதுக்கித்தான் வைத்தார், கொஞ்சம் உயரத்தில்.

உடம்பு இந்த உபசாரத்தில் ஏமாறுவதில்லை. எலிசா எப்பெல், எலிசபெத் பிளாக்பர்ன் ஆகியோரின் குழு 2004இல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டது. 58 தாய்மார்கள். 39 பேர் நாள்பட்ட நோயுள்ள பிள்ளையை வளர்ப்பவர்கள், 19 பேருக்குப் பிள்ளைகள் நலமாக இருந்தார்கள். குரோமோசோம்களின் நுனியில் டெலோமியர் என்று ஒரு காப்பு இருக்கிறது, ஷூ லேஸ் நுனி பிரியாமலிருக்கப் போடும் பிளாஸ்டிக் உறை மாதிரி. வயதாக ஆக அது குட்டையாகும். மிக அதிகமாக மன அழுத்தத்தை உணர்ந்த தாய்மார்களின் டெலோமியர், மிகக் குறைவாக உணர்ந்தவர்களோடு ஒப்பிட்டால் குறைந்தது பத்து வருஷ முதுமைக்குச் சமமாகத் தேய்ந்திருந்தது. பராமரித்த ஆண்டுகள் கூடக்கூடத் தேய்மானமும் கூடியது. டெலோமியர் ஆராய்ச்சிக்காக பிளாக்பர்ன் 2009இல் நோபல் பெற்றார்.

நம்பிக்கை இதற்கு மருந்தாகாதா? ஆகும், எந்த நம்பிக்கை என்பதைப் பொறுத்து. மதமும் மன உளைச்சலும் பற்றி வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த கென்னத் பார்கமென்ட், மருத்துவமனையில் சேர்ந்த 55 வயது தாண்டிய 596 பேரை இரண்டாண்டு தொடர்ந்து கவனித்து 2001இல் எழுதினார். கடவுள் என்னைக் கைவிட்டுவிட்டார், என்மேல் அவருக்கு அன்பில்லை, இது சாத்தானின் வேலை என்று புழுங்கியவர்கள், நோயின் கடுமையையெல்லாம் கணக்கில் எடுத்த பிறகும், மற்றவர்களைவிட அதிகமாக இறந்திருந்தார்கள். ஒரே சாமி, ஒரே பிரார்த்தனைப் புத்தகம். கூட நிற்கிறார் என்று நம்பினால் ஊன்றுகோல், தண்டிக்கிறார் என்று நம்பினால் முதுகில் இன்னொரு மூட்டை. அமெரிக்காவின் யூத மதகுரு ஹெரால்ட் குஷ்னரின் மகன், வேகமாக முதுமையடையும் புரொஜீரியா நோயால் பதினான்கு வயதில் இறந்தான். கடவுள் எல்லாம் வல்லவர், நல்லவர், அப்படியானால் இது ஏன் என்று முட்டிமோதிய குஷ்னர், 1981இல் எழுதிய நூலில் எல்லாம் வல்லவர் என்பதை விட்டுக்கொடுத்தார், நல்லவர் என்பதை வைத்துக்கொண்டார். ஒரு மதகுரு தன் பிழைப்பையே பணயம் வைத்துச் செய்த பேரம் அது. உடன்படாதவர்களும் அந்த நேர்மையை மறுக்க முடியாது.

கோயில்களுக்கும் ஒரு வார்த்தை. தீபாராதனை நேரத்தில் சுவிட்ச் போட்டதும் மணியும் மேளமுமாக அலறும் மின்சார மேளம் இப்போது எல்லா ஊரிலும் வந்துவிட்டது. ஆட்டிசமுள்ள பிள்ளைக்கு அந்தச் சத்தம் காதில் ஆணி அடிப்பது போல. இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு தரையில் புரளும் பிள்ளையைப் பார்த்து "சாமி முன்னாடி அடங்க மாட்டேங்குதே" என்கிறார்கள். ஒலிபெருக்கி வைத்த சுகமளிக்கும் கூட்டங்களிலும் இதே கதைதான். அந்த மிஷினைப் பத்து நிமிடம் நிறுத்த ஆகம விதி எதுவும் குறுக்கே நிற்காது.

இனி, பதில்களை விட்டுவிட்டுக் கேள்வியையே மாற்றிய ஒருவரைப் பார்க்கலாம். எவா கிட்டே அமெரிக்கத் தத்துவப் பேராசிரியை. அவருடைய மகளுக்குக் கடுமையான அறிவுசார் குறைபாடும் மூளை முடக்குவாதமும். பேச்சு வராது, தானாக நடக்க முடியாது. பகலெல்லாம் வகுப்பில் நீதி, சமத்துவம் என்று பாடம் நடத்திவிட்டு வீட்டுக்கு வந்தால், அந்தத் தத்துவங்கள் எதிலும் மகளுக்கு இடமில்லை என்பது அவருக்குப் புலப்பட்டது. எல்லோரும் சுயமாக யோசித்து ஒப்பந்தம் போட்டுக்கொள்ளும் குடிமக்கள் என்றுதான் பெரிய தத்துவங்கள் தொடங்கின. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட முடியாத பிள்ளையும், அவளைவிட்டு அரை மணி நேரம் நகர முடியாத தாயும் கணக்கில் இல்லை. 2008இல் நியூயார்க்கில் நடந்த ஒரு கருத்தரங்கில், அறிவுத்திறனை அளவுகோலாக வைத்து மனித உயிரையும் விலங்குயிரையும் ஒப்பிட்டு எழுதிவந்த பீட்டர் சிங்கர் போன்றவர்கள் முன்னால் அவர் எழுந்து, மகளின் தாயாக நின்று வாதாடினார்.

அவர் 1999இல் எழுதிய நூலில் ஒரு சொல்லை உருவாக்கினார்: 'டூலியா'. பிரசவித்த பெண்ணைக் கவனித்துக்கொள்ள வரும் உதவிப் பெண்ணுக்கு 'டூலா' என்று பெயர். குழந்தையை அவள் கவனிப்பதில்லை, தாயைக் கவனிக்கிறாள், அப்போதுதான் தாய் குழந்தையைக் கவனிக்க முடியும். இந்த ஏற்பாட்டைச் சமூகம் முழுவதற்கும் விரிக்க வேண்டும், கவனிப்பவரைக் கவனிப்பது கருணை ஆகாது, நீதி என்பது அவர் வாதம்.

தமிழனுக்கு இது புது ஞானமா? வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவந்து, பத்தியம் சமைத்து, பிள்ளையை அவள் அம்மா குளிப்பாட்டி, பாலூட்டி முடித்தவுடன் "நீ படு, நான் பாத்துக்கறேன்" என்று தூளியை ஆட்டும் பழக்கத்துக்கு வேறென்ன பெயர்? கிட்டே தேடிய தத்துவம் நம் வீட்டுக் கூடத்தில் கயிறு கட்டித் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஒரே குறை, அது மூன்றாவது மாதத்தோடு முடிந்துவிடும். மற்றப் பிள்ளைகள் வளர்ந்துவிடுவதால் அது போதும். இருபது வயதிலும் சோறூட்டி, பேண்ட் மாட்டிவிடவேண்டிய பிள்ளையின் தாய்க்கு அந்த மூன்று மாதம் இருபது வருஷமாக நீள்கிறது, தாய்வீடு மட்டும் நீள்வதில்லை. தாய்வீட்டை நீட்டுவது யார் பொறுப்பு என்பதே பெரிய கேள்வி. அதற்கு முன்ஜென்மத்தில் பதில் தேட வேண்டியதில்லை.

அந்தத் தாய்வீட்டை அரசு கொஞ்சம் கொஞ்சமாக நீட்டியிருக்கிறது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் பராமரிப்பாளர் என்பவருக்கு இலக்கணம் சொல்லும்போது, சம்பளம் வாங்காமல் பார்த்துக்கொள்ளும் பெற்றோரையும் சேர்த்தது. மாற்றுத்திறனாளியைச் சார்ந்தவராக வைத்துப் பராமரிக்கும் மத்திய அரசு ஊழியருக்கு வழக்கமான இடமாற்றத்திலிருந்து விலக்கு உண்டென்று 2014இலேயே ஆணை வந்துவிட்டது. தமிழ்நாட்டில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்குப் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். தனியார் தெரபிக் கட்டணத்துக்கு அது ஒரு வாரம் தாங்கினால் அதிசயம்.

வேலைக்குப் போகும் தாய்க்கு வெளிச்சமாக வந்தது 2024 ஏப்ரல் 22இல் உச்ச நீதிமன்றம் சொன்ன ஒரு வார்த்தை. இமாசலப் பிரதேசத்தில் ஓர் அரசுக் கல்லூரி உதவிப் பேராசிரியை. மகனுக்கு அரிய மரபணு நோய், அடுத்தடுத்து அறுவை சிகிச்சை. இருந்த விடுப்பெல்லாம் தீர்ந்துவிட்டது. மத்திய அரசுப் பெண் ஊழியருக்குப் பணிக்காலத்தில் 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு, பிள்ளை மாற்றுத்திறனாளி என்றால் 18 வயது வரம்பும் கிடையாது. எங்கள் மாநிலம் அந்த விதியை ஏற்கவில்லை என்று விடுப்பை மறுத்துவிட்டார்கள். பெண்கள் வேலையில் பங்குபெறுவது சலுகை கிடையாது, அரசியல் சட்டம் தந்த உரிமை, இந்த விடுப்பை மறுத்தால் அவர்களை வேலையைவிட்டு விரட்டுவதாகிவிடும் என்றது அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட் அமர்வு. அவரே சிறப்புத் தேவைகள் கொண்ட இரண்டு மகள்களைத் தத்தெடுத்து வளர்ப்பவர் என்பது ஊரறிந்த செய்தி.

அந்த 730 நாளிலும் இரண்டு ஓட்டைகள். தனியார் வேலையில் இருப்பவர்களுக்கு இப்படியொரு விடுப்பைக் கட்டாயமாக்கும் சட்டமில்லை. இன்னொன்று, விடுப்பு பெண்ணுக்கும், மனைவி இல்லாமல் தனித்து வளர்க்கும் ஆணுக்கும் மட்டும். மனைவியோடு வாழும் தகப்பனுக்குக் கிடையாது. தாய் தெய்வம் என்ற வசனம் அரசிதழில் ஏறினால் இப்படித்தான் விதியாகும்.

எல்லாவற்றையும் சமாளித்துவிடுகிறவர்களும் ஒரு இடத்தில் உடைந்துபோவார்கள். வராந்தாவில் மெதுவாகத்தான் சொல்வார்கள்: "எனக்கு ஒரு நாள் முன்னாடி அவன் போயிடணும்னு வேண்டிக்கறேன்." பெற்ற பிள்ளைக்காக ஒரு தாய் செய்யும் பிரார்த்தனை இது. எந்த மதத்து இறையியலாளரும் இதற்குப் பதில் எழுதிவிட்டதாகச் சொல்லிக்கொள்ள முடியாது. ஆனால் இதைத் தெய்வத்திடம் மட்டும் விட்டுவிடாதவர்கள் உண்டு. பிரான்சின் அதிபராக இருந்த சார்ல் த கோல் தீவிரக் கத்தோலிக்கர், தூரத்திலிருந்து பார்த்தால் கல் மாதிரி மனிதர். 1928இல் பிறந்த கடைசி மகள் ஆன் டவுன் சிண்ட்ரோம் பிள்ளை. அவளோடு மட்டும் அவர் பாட்டுப் பாடி விளையாடுவார். அந்தக் காலத்து வழக்கப்படி விடுதியில் விட்டுவிடாமல் வீட்டிலேயே வளர்த்தார்கள். தங்களுக்குப் பிறகு இவள் கதி என்ன என்று கவலைப்பட்ட கணவனும் மனைவியும் 1945இல் அவள் பெயரிலேயே ஓர் அறக்கட்டளை தொடங்கி, அறிவுசார் குறைபாடுள்ள பெண்களுக்கு இல்லம் அமைத்தார்கள். ஆன் 1948 பிப்ரவரியில், இருபது வயதில், நுரையீரல் நோயால் இறந்துபோனாள். அறக்கட்டளை இருந்தது. த கோல் பின்னாளில் எழுதிய போர் நினைவுகளின் வருமானம் அதற்கே போனது.

எல்லோராலும் அறக்கட்டளை வைக்க முடியாது. ஆனால் ஒரு மனு எழுத முடியும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம் இருக்கிறது. பிள்ளைக்கு 18 நிறைந்த அன்றே சட்டத்தின் கண்ணில் பெற்றோர் காப்பாளர் இல்லை. அதன்பின் வங்கிக் கணக்கு, சொத்து, பென்ஷன் எதிலும் அவனுக்காகக் கையெழுத்துப் போடச் சட்டபூர்வக் காப்பாளர் சான்றிதழ் வேண்டும். இதை வழங்குவது மாவட்ட ஆட்சியர் தலைமையில் உள்ள உள்ளூர்க் குழு. தாயும் தகப்பனும்கூட விண்ணப்பித்துத்தான் வாங்க வேண்டும். தங்களுக்குப் பின் இன்னார் என்று ஒருவரைத் தீர்மானித்து, அவரிடம் இப்போதே பேசிவைப்பது உத்தமம். உங்கள் வீட்டிலோ தெருவிலோ 18ஐத் தாண்டிய பிள்ளை இருந்தால், திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியர் அலுவலகத்து மாற்றுத்திறனாளிகள் நலப் பிரிவில் போய்க் கேளுங்கள். அந்தத் தாயால் வர முடியாத நிலை என்றால், மனுவை வாங்கி வந்து கொடுங்கள்.